எதிர் வீட்டு வெளிச்சம்

“சூனியந்தாம்மா. சந்தேகமே இல்ல. எந்தம்பிதான் வச்சிருக்கான்!”

சதக் பாய் ஏர்வாடியிலிருந்து கத்திய கத்தலில், சுகந்தி போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தாள். வீடுகளுக்கும் கடைகளுக்கும் வெளிவிளக்கு அமைத்துக் கொடுப்பது ராமநாதபுரத்தில் அவள் நடத்தும் தொழில். சதக் பாய் வீட்டு முகப்பில் பதினெட்டு விளக்குகள் பொருத்தி ஒரு மாதந்தான் ஆகிறது. பொழுது சாய்ந்தால் தானாக எரியும், விடிந்தால் தானாக அணையும்.

“நேத்து ஒரு லைட்டுகூட எரியல. அவன் வீடு மட்டும் தேரு கணக்கா நிக்கிது!”

அவன் என்றால் எதிர் வீட்டு ரிஃபாய். கூடப் பிறந்த தம்பி. தன் மகள் யும்னாவின் கல்யாணப் பத்திரிகையில் அண்ணன் பெயரைப் பொடி எழுத்தில் அச்சடித்துவிட்டார் என்பதால், இரண்டு வீட்டுக்கும் மூன்று வருடமாகப் பேச்சு கிடையாது. அண்ணன் வீட்டில் விளக்கு எரிந்த மறு வாரமே தம்பியும் சுகந்தியைக் கூப்பிட்டு, இருபது விளக்காகப் போடச் சொன்னார்.

போனை வைத்த கையோடு மறுபடியும் மணி அடித்தது. ரிஃபாய்.

“ஏம்மா, முந்தாநாள் எங்க வீட்டுல லைட்டே எரியல. எதித்த வீட்டு மனுசன் என்னமோ ஓதி ஊதிவிட்டுட்டாரு.”

சாயங்காலம் சுகந்தி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஏர்வாடிக்குப் போனாள். சதக் பாய் இடுப்பு பெல்ட்டிலிருந்து சாவியை எடுத்து மொட்டைமாடிக் கதவைத் திறந்துவிட்டார். கைப்பிடிச் சுவரில் தீப்பெட்டி அளவில் இருந்த, வெளிச்சத்தை உணரும் சென்சாரைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவள் வானத்தைப் பார்க்க வைத்திருந்தது இப்போது கழுத்தைத் திருப்பி எதிர் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“யாரோ திருப்பிவிட்டிருக்காங்க பாய். மாட்டுறப்பவே சொன்னேன்ல? இது எதிர் வீட்டப் பாத்துச்சுன்னா, அந்த வெளிச்சத்தப் பாத்துட்டு இன்னும் பகல்தான்னு நெனச்சுக்கிரும். ஒங்க லைட்டு எரியாது.”

“யாரோ என்ன யாரோ? அவந்தான் ஏறி வந்திருப்பான்!”

எதிர் வீட்டு மாடிக்குப் போனாள். அங்கேயும் அதே கதை. ரிஃபாயின் சென்சார் அண்ணன் வீட்டை முறைத்துக்கொண்டிருந்தது.

“அவருதான் ஏறி வந்திருப்பாரு!” என்றார் ரிஃபாய்.

அண்ணனுக்கு அறுபத்தெட்டு வயது, தம்பிக்கு அறுபத்து மூன்று. இரண்டு பேருக்கும் முட்டுவலி. இதில் யார் யார் வீட்டுச் சுவரில் ஏறுவது? சுகந்தி ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள்.

“தொடாதம்மா!” என்று பதறினார் ரிஃபாய். “அவரு வந்து தப்புன்னு ஒத்துக்கிற வரைக்கும் அதான் சாட்சி.”

அண்ணனும் அப்படியே சொல்லித் தடுத்துவிட்டார். இப்படியே விட்டால் எந்த வீடு முதலில் எரிகிறதோ அது மற்றதை அணைத்துவிடும். இதைத் தெருவில் நின்று இரண்டு பேருக்கும் பொதுவாகச் சொன்னதுதான் சுகந்தி செய்த தப்பு.

வெயில் இறங்கும்போது சதக் பாய் மாடியில் குடையோடு நின்றார். தன் சென்சாருக்கு மேல் குடையைக் கவிழ்த்தார். இருட்டிவிட்டது என்று ஏமாந்து பதினெட்டு விளக்கும் எரிந்தன. ரிஃபாய் ஓடிப்போய் பிரியாணி தேக்சா மூடியைத் தூக்கி வந்து தன் சென்சாரை மூடினார். இருபதும் எரிந்தன.

யாரும் கையை எடுக்கவில்லை. தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது.

“வீம்புக்கும் ஒரு அளவு இல்லையா? கீழ எறங்கி வாங்க!” என்று வாசலில் நின்று சத்தம் போட்டாள் சதக் பாயின் மனைவி லத்தீபா.

பொழுது நன்றாக மங்கியபோது இருவருக்கும் ஒரே சமயத்தில் கை கடுத்துப்போனது. குடையும் மூடியும் ஒன்றாக இறங்கின. இரண்டு சென்சாரும் எதிர் வெளிச்சத்தைப் பார்த்துப் பகல் என்று நினைத்து, இரண்டு வீட்டையும் அணைத்தன. அணைந்ததும் இரவு என்று நினைத்து எரியவிட்டன. மறுபடி பகல். மறுபடி இரவு. முப்பத்தெட்டு விளக்கும் சேர்ந்து கண்ணடிக்க ஆரம்பித்தன.

தர்காவுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு வேன் நின்றது. டிரைவர் தலையை நீட்டி, “யாரு வீட்டுக் கல்யாணம் பாய்?” என்று கேட்டார்.

ரிஃபாய் மூடியைக் கீழே வைத்தார்.

“நம்ம வீட்டுக் கல்யாணந்தான்!”

எதிர் மாடியில் குடை மெதுவாக மடங்கியது.

“பத்திரிகையில யாரு பேரு போட்டிருக்கு?” என்று கேட்டார் சதக் பாய்.

“ஒங்க பேரு மட்டுந்தான் காக்கா!”

அண்ணனைக் காக்கா என்று அவர் கூப்பிட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. சதக் பாய் முதலில் சிரித்தார், பிறகு இருமினார், பிறகு தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

பத்து நிமிடத்தில் அவர் தம்பி வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தேத்தண்ணியில் சீனி போதவில்லை என்று குறை சொல்லிக்கொண்டிருந்தார். இனியாவது வந்த வேலையை முடிக்கலாம் என்று சுகந்தி ஸ்க்ரூ டிரைவரோடு ரிஃபாயின் மாடிக்கு ஏறினாள். ரிஃபாய் மூச்சு வாங்கப் பின்னாலேயே வந்து குறுக்கே நின்றார்.

“அது அப்புடியே இருக்கட்டும்மா.”

“சரி பண்ணலன்னா தெனமும் இந்தக் கூத்துதான் பாய். யாரு திருப்பினாங்கன்னு அப்பறமா விசாரிச்சுக்கங்க.”

அவர் கீழே ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“காக்கா அவரு வீட்டு சென்சார அவரே திருப்புனத இங்கன நின்னு பாத்துட்டுத்தாம்மா, பேச ஒரு சாக்காகட்டும்னு நானும் என் வீட்டுதத் திருப்புனேன்.”