கைக்கண்ணாடி

மூன்று மணி வெயிலில் டீச்சரின் தமிழ் வகுப்பு முன்பெஞ்சில் ஜன்னல் கம்பிகளின் நிழல் கோடு போடுகிறது. அங்கேதான் வெள்ளைக்காரத் துரை உட்கார்ந்திருக்கிறார். எட்டு வருடங்களுக்கு முன் ஆங்கில ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்த அதே துரை. “உன் இங்கிலீஷில் ஊர் வாடை அடிக்கிறது” என்று நாற்பது பேர் முன்னால், அன்று பயிற்சிக்குப் போயிருந்த டீச்சரின் கையில் ஒரு கண்ணாடியைத் திணித்து, வாயைப் பார்த்துப் பார்த்து ஒரே சொல்லை முப்பது தடவை சொல்லவைத்தவர். நாற்பது பேரும் சிரித்தார்கள். இப்போது துரைக்கு இங்கேயே தங்கிவிட அனுமதி வேண்டுமாம்; அதற்கு நம் மொழியில் பேசித் தேற வேண்டும். டீச்சரை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அவள் கைப்பையைத் திறந்து, இத்தனை நாள் கறுவிக்கொண்டு வைத்திருந்த அந்தக் கண்ணாடியை எடுக்கிறாள். ஓரம் உடைந்திருக்கிறது. கைக்குட்டையால் நிதானமாகத் துடைத்து நீட்டுகிறாள். “வாயைப் பார்த்துச் சொல்லுங்க சார். ‘மன்னிச்சிடுங்க’ன்னு சொல்லுங்க.” துரையின் கட்டைவிரல் உடைந்த ஓரத்தைத் தடவுகிறது. நிமிர்ந்து அவளைப் பார்க்கிறார். காது மடல் மெல்லச் சிவக்கிறது. “மன்னிச்சிடுங்க, டீச்சர்.” சுத்தமாக வருகிறது, பிறந்ததிலிருந்து பேசுகிறவர் மாதிரி. பின்பெஞ்சில் யாரோ கைதட்டப் போகிறார்கள். டீச்சர் கையை உயர்த்தி நிறுத்துகிறாள். “ம்ஹூம். உங்க ஊர் வாடை அடிக்குது சார். மறுபடி சொல்லுங்க.” இன்னும் இருபத்தொன்பது தடவை இருக்கிறது.