கடைசிப் பக்கத்துக் கேள்வி

ஆம்பூர் வாடகை நூல் நிலையத்தின் மேசைமேல் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. தோல் பதனிடும் ஆலையிலிருந்து நேராக வந்து நிற்கும் செண்பகத்தின் விரல்களில் ஆவாரம்பட்டைக் கறை. நாகலோகக் கதைகள் எழுதும் தன் அபிமான எழுத்தாளரின் எட்டு நாவல்களையும் அவள் படித்துத் தீர்த்துவிட்டாள். "அவரு எழுதுறாப்லயே வேணும்ண்ணா. ஆனா ஒரே புக்குல முடியணும். போன தபா ரெண்டாம் பாகமே வரல, பேஜாராப் போச்சு." கடைக்காரர் ஆதிகேசவன் ஒரு யட்சி நாவலை நீட்டுகிறார். அவள் கடைசிப் பக்கத்தைப் பிரித்து, கதை கண்ணில் பட்டுவிடாமல் உள்ளங்கையால் மூடிக்கொண்டு, அடிவரியை மட்டும் பார்க்கிறாள். 'முற்றும்' இருக்கிறது. அதற்கும் கீழே, பென்சிலில், முன்பு படித்த யாரோ கேட்டிருக்கிறார்கள்: 'இதுபோல் வேறு உண்டா? கமலவேணி, ஆலங்காயம்.' செண்பகத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அண்ணா, பென்சில் குடுங்க." புத்தகத்தில் எழுதக்கூடாது என்று பலகை மாட்டியிருக்கும் ஆதிகேசவன், பென்சிலைக் கொடுத்துவிட்டுத் தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறார். எட்டு நாவல்களின் பெயர்களுக்கு அந்தப் பக்கம் போதவில்லை. அவள் பின்னட்டையைத் திருப்புகிறாள்.