நன்றாகக் காய்ச்சவும்

கதவு திறந்தே கிடந்தது. சமையலறை ஆவி வாசல் வரை வந்தது.

அன்றைக்கு எனக்கு அது ஏழாவது வீடு. முழங்கால் இரண்டும் கெஞ்சின. முக்கியமான சொல்லுக்குக் கீழே வழக்கம்போல இரண்டு கோடு போட்ட சோதனை முடிவு பையில் இருந்தது. அதைக் கொடுத்து, விளக்கிச் சொல்லி, கையெழுத்து வாங்கிவிட்டால் வீட்டுக்குப் போய்க் காலை நீட்டலாம்.

கிணற்றுத் தண்ணீர் சோதிப்பது என் உத்தியோகம். இருபத்திரண்டு வருஷமாக எட்டிப் பார்த்து எட்டிப் பார்த்து, இப்போதெல்லாம் எல்லாக் கிணறும் ஒரே கிணறாகத்தான் தெரிகிறது.

இந்த வீட்டுக் கிணறு இருபதடி கூட இருக்காது. ஒரு பக்கம் உரம் கொட்டிய வயல். இன்னொரு பக்கம் பத்தே எட்டில் கழிவறைக் குழி. கேட்டால், இத்தனை வருஷம் இதைத்தானே குடிக்கிறோம், என்ன ஆகிவிட்டது என்பார்கள்.

இவர்களுக்கு ஆகிவிட்டது. இரண்டு மாதக் குழந்தைக்கு உதடும் நகமும் நீலம் பாரித்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். புட்டிப்பால் குடிக்கிற பிள்ளை. பால்பவுடரைக் கரைத்தது இந்தத் தண்ணீரில். டாக்டருக்குச் சந்தேகம் வந்து தண்ணீரைச் சோதிக்கச் சொன்னார்.

நைட்ரேட் என்கிற உப்பு. பெரியவர்கள் உடம்பு எப்படியோ தாங்கிக்கொள்ளும், பச்சைப் பிள்ளைக்கு விஷம். இருக்கலாம் என்கிற அளவைப் போல இரண்டு மடங்கு இருந்தது.

குழந்தையின் அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். தூங்கி நாலு நாள் ஆகியிருக்கும். ஆனாலும் சிரித்தாள்.

“பாப்பா இன்னிக்கு வீட்டுக்கு வருது சார். அவங்க அப்பா கூட்டிட்டு வந்துட்டே இருக்காரு. அதான் காலையில இருந்து தண்ணி காய்ச்சிட்டிருக்கேன். பாதியா சுண்டுற வரைக்கும் விடுவேன். ஒரு கிருமி தப்பாது.”



காய்ச்சினால் கிருமி சாகும். உப்பு சாகாது. தண்ணீர்தான் ஆவியாகப் போகும், உப்பு அப்படியே பாத்திரத்தில் நிற்கும். குழம்பு சுண்டினால் கரிக்கிற கதைதான். பாதியாகச் சுண்டிய தண்ணீரில் விஷம் இரண்டு பங்கு.

பிள்ளை பெற்றவளுக்கு இப்படிப் புத்தி சொன்ன மகராசன் யார் என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கேட்டே விட்டேன்.

அடுப்புக்கு மேலே கையைக் காட்டினாள். எண்ணெய் படாமல் பிளாஸ்டிக் உறை போட்டு, சுவரில் ஒரு சீட்டை ஒட்டி வைத்திருந்தாள். போன வருஷத் தேதி. எங்கள் அலுவலக முத்திரை.

கிருமி உள்ளது. நன்றாகக் காய்ச்சவும்.

‘நன்றாக’ என்பதற்குக் கீழே இரண்டு கோடு. உப்புச் சோதனை என்ற கட்டத்தில், ‘பிறகு’.

உப்புச் சோதனைக்குத் தண்ணீர் பிடிக்க வேறு பாட்டில் வேண்டும். வண்டியில் அது தீர்ந்துபோனால் இப்படி எழுதிவிட்டுக் கிளம்புவது எங்கள் வழக்கம். நாளைக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் கிளம்புவோம். அப்புறம் யாரும் வருவதில்லை.

“யார் வந்து எழுதினாங்கன்னு தெரியாது சார், நான் அப்ப எங்கம்மா வீட்ல இருந்தேன். புள்ளகுட்டியோட நல்லா இருக்கணும் அந்த மனுஷன்.”

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. குழந்தை சிணுங்கும் சத்தம் கேட்டது.

நான் எட்டி அடுப்பை அணைத்தேன்.

“ஐயோ சார், இன்னும் பாதியாகலையே!”

“பாப்பாவுக்கு இந்தத் தண்ணி வேண்டாம்மா. காய்ச்சினா இன்னும் கெடுதல்” என்றேன். “அதை எழுதினது நான்தான்.”