பன்னிரண்டாவது கதவு

காசாபிளாங்காவின் பழைய பொருள் சந்தை. தகரக் கூரையின் ஓட்டை வழியே விழும் வெயிலில் ஒரு பழைய மடிக்கணினி திறந்து கிடக்கிறது. "வைஃபை நல்லாப் பிடிக்கும், லல்லா," என்கிறான் கடைக்காரன் பூஷயிப், 'அம்மணி' என்பதற்கு அவ்வூரில் வழங்கும் மரியாதைச் சொல்லால் அழைத்து. "உன் வாய் போற தூரத்துக்குப் பிடிக்குமா?" என்கிறாள் ஸுஹூர். அவள் மகள் இக்ராம் திங்கட்கிழமை கல்லூரி விடுதிக்குப் போகிறாள். அங்கே அவளுடைய அறைக்குப் பன்னிரண்டு கதவு தள்ளித்தான் வைஃபை பெட்டி இருக்கிறது. "அவ எடுத்துட்டுப் போய்ப் பாக்கட்டும். பணயமா நான் இங்க உக்காந்துக்கிறேன்," என்று ஸுஹூர் முக்காலியில் அமர்கிறாள். பூஷயிப் சிரித்துக்கொண்டே கடை வைஃபையின் கடவுச்சொல்லை மடிக்கணினியில் தட்டிக் கொடுக்கிறான். தெருவின் பொது அடுப்பில் சுட ரொட்டி மாவைப் பலகையில் கொண்டுபோவதுபோல் இக்ராம் மடிக்கணினியை இரு கைகளில் ஏந்தி, கடைக் கதவுகளை எண்ணியபடி நடக்கிறாள். மடிக்கணினியிலிருந்து வரும் வீடியோ அழைப்பில், ஸுஹூரின் கைபேசியில் மகளின் முகம் தெரிகிறது. எட்டு. ஒன்பது. பதினொன்றில் முகம் உறைகிறது. வாய் பாதி திறந்தபடி நிற்கிறது. பூஷயிப் கூரையைப் பார்க்கிறான். பிறகு திரையில் மகளின் உதடு அசைகிறது. "பன்னெண்டும்மா! கேக்குதா?" "கேக்குது." "பொட்டலம் கட்டிடவா, லல்லா?" என்கிறான் பூஷயிப். ஸுஹூர் தலையசைக்கிறாள். "திரும்பி வரவாம்மா?" "கொஞ்சம் அங்கயே நில்லு," என்கிறாள் ஸுஹூர், கைபேசியைக் கண்ணருகே கொண்டுபோய்.