தலையணைக்கு அடியில் வைத்த துணி

ஐந்து நாய்க்குட்டிகளில் ஒன்று நேராகப் போய் என் நாத்தனார் மடியில் ஏறிக்கொண்டது.

பக்கத்திலேயே நானும்தான் உட்கார்ந்திருந்தேன். என்னை அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பாருங்கண்ணி, இதுக்கு என்னைத் தெரியுது," என்றாள் வெள்ளையம்மாள். முகமெல்லாம் சிரிப்பு.

சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இன்னும் ஐந்து நிமிஷம்தான். குட்டி வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போகத்தான் அன்றைக்குப் பொன்மலைக்கு பஸ் ஏறி வந்திருந்தோம். வேண்டாமென்று ஆனது என்னால். அது அவளுக்கும் தெரியும்.

வெள்ளையம்மாள் என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. தொட்டியத்தில் வாழைத்தோட்டக்காரர் குடும்பத்தில் கட்டிக்கொடுத்தார்கள். புருஷன் சரியில்லை என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெட்டியோடு வந்து எங்கள் வீட்டில் தங்கிவிட்டாள். அதிலிருந்து என் வீட்டுக்காரர் மலைக்கோட்டைப் பக்கம் இருக்கும் ஜவுளிக்கடையைச் சாத்திவிட்டு வந்து வாசலில் செருப்பை விடும்போதே கூப்பிடுவது அவளைத்தான்.

அண்ணனுக்கும் தங்கைக்கும் இழுப்பு. கொஞ்சம் தூசி பட்டால் போதும். அவளுக்கு மூச்சு வாங்கினால் அவர் கடைக்கே போகமாட்டார், முதுகைத் தடவிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவார். எனக்கோ கல்லு மாதிரி உடம்பு. எல்லாம் என் தலையெழுத்து.

இந்த இரண்டு வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது ஒரு நாய்க்குட்டி மட்டும்தான். இழுப்புக்காரிக்கு நாய் எதற்கு? நான் கேட்டிருந்தால் அவர் காதிலேயே விழுந்திருக்காது. கேட்டது தங்கையாயிற்றே, ஊரெல்லாம் விசாரித்தார். சந்தையில் ஒருவன், தன்னிடம் இருக்கும் குட்டிக்கு முடியே கொட்டாது என்று சத்தியம் செய்தான். தாய் நாயைக் காட்டு என்றதும் பேச்சை மாற்றினான்.

கடைசியில் பொன்மலையில் அருள்நாதனைக் கண்டுபிடித்தார். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து ரயிலில் கார்டாக இருந்து ரிட்டயரானவர். தாயையும் தகப்பனையும் காட்டித்தான் குட்டி கொடுப்பார். வாங்க வருகிறவர்களை, பெண் கொடுக்கிறவர் போலக் கேள்வி கேட்பார்.

போன வாரம் வந்தபோது அவர் குட்டியைத் தரவில்லை. இழுப்பு உள்ள வீடு என்றதும் உள்ளே போய், ஒரு துணியை மூன்றாகக் கிழித்துக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்தார். ஆளுக்கு ஒரு துண்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் படுக்க வேண்டும், தும்மலோ இழுப்போ வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும் என்றார். தாய் நாய் படுத்த துணி, வேறென்ன? வாங்கிக்கொண்டு வந்தோம்.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

எனக்குத்தான் மறுநாள் விடிகிறபோதே தும்மல். தலையணையை நகர்த்தினாலே நாய் வாடை குப்பென்று அடித்தது. கண் சிவந்து மூக்கு ஒழுகியது. அவர் பதறிப்போய் மிளகுப் பால் காய்ச்சிக் கொண்டுவந்தார். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் எனக்காக அவர் அடுப்பைப் பற்றவைத்தது அன்றைக்குத்தான்.

முதல் தும்மல் தானாக வந்தது, சத்தியம். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் தானாக வந்ததா, நான் வரவழைத்தேனா, எனக்கே தெரியாது. வாரம் முழுக்க மிளகுப் பால் குடித்தேன்.

"உனக்கு ஒத்துக்கலைன்னா நாய் வேணாம்," என்று அவரே சொன்னார். தங்கையை வைத்துக்கொண்டே சொன்னார். அன்றைக்கு எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

குட்டிகளோடு நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு அருள்நாதன் வந்து எதிரே உட்கார்ந்தார். மூன்று துண்டுகளையும் திருப்பி வாங்கிக்கொண்டார்.

"யாருக்காவது தும்மல் வந்துச்சுங்களா?"

"ஒருத்தருக்கு வந்துச்சுங்க," என்றார் என் வீட்டுக்காரர். அடுத்தவர் எதிரில் என்னைக் காட்டிச் சொல்ல அவருக்குக் கூச்சம்.

அருள்நாதன் ஒரு துண்டை விரித்துக் காட்டினார். ஓரத்தில் சலவைக்காரர் போட்ட குறி இருந்தது.

"இது என் பழைய சட்டைங்க. எந்த நாயும் இதுமேல படுத்ததில்லை. இழுப்புன்னு சொல்ற வீட்டுக்கு முதல்ல இதைத்தான் கொடுப்பேன். இதுக்கே தும்முனா, அந்த வீட்ல யாருக்கோ நாய் வர்றது பிடிக்கலைன்னு அர்த்தம். அவங்களே மனசாரக் கேட்டா அப்புறம் நாய் படுத்த துணியைத் தருவேன். இல்லைன்னா இல்லை. யாருங்க அது?"

எனக்குக் காதெல்லாம் சுட்டது. நான்தான், நாய் படுத்த துணியைக் கொடுங்கள் என்று சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். என் வீட்டுக்காரர் மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"நான்தாங்க," என்றாள் வெள்ளையம்மாள். "எனக்கு நாய் வேண்டாங்க."

குட்டி அவள் முந்தானையைக் கவ்விக்கொண்டிருந்தது. அதன் வாயில் விரலை விட்டுத் துணியை விடுவித்தாள். கொண்டுபோய்த் தாய் நாயின் பக்கத்தில் விட்டுவிட்டு வந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை.

அருள்நாதன் எழுந்தே விட்டார்.

"இத்தனை வருஷத்துல இதை வாயால ஒத்துக்கிட்டது நீங்க ஒருத்தர்தாம்மா. பெரிய மனசு உங்களுக்கு."

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு செருப்பைத் தேடினார்.

தும்மினது நான். அந்த நல்ல பெயரையும் அவளே வாங்கிக்கொண்டாள்.