வண்டி நின்ற வாசல்

"நாம ரெண்டே பேரு. தோட்டத்தை நடுவால பிரிச்சா முடிஞ்சுது. இதுக்கு எதுக்குண்ணா பஞ்சாயத்து?" என்று தம்பி காலையில் சிரித்ததை நினைத்தபடியே செங்கோடன் சந்தையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தான். அப்பா உயிரோடு இருந்தவரை சந்தைக்கு அவர் மட்டுமே வண்டி ஓட்டிப் போவார். பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும் ஏற்றிக்கொண்டதில்லை. இன்றுதான் கயிறு முதன்முறையாக இவன் கைக்கு வந்திருந்தது. நாளைய பாகப்பிரிவினை பற்றிய யோசனையில் பிடி தளர்ந்துவிட, மாடுகள் தாமாகவே ஆற்றோரப் பாதையில் திரும்பி, ஓர் ஓட்டுவீட்டின் வாசலில் போய் நின்றன.

உள்ளிருந்து ஒரு பெண் தவிட்டுத் தண்ணீரோடு வந்து, நிமிராமலேயே மாடுகளின் முன் வைத்தாள்.

"ரெண்டு சந்தையா ஏம்ப்பா வரல? மயிலைக்கு ஊறவெச்ச பருத்திக்கொட்டை அத்தனையும் வீணாப்போச்சு."

மயிலைக்காளை அவள் கையை நக்கியது. பிறகுதான் நிமிர்ந்தாள். அப்பாவின் அதே பூனைக்கண்கள்.

"அப்பா வரலீங்களா?"

செங்கோடன் தலையில் கட்டியிருந்த துண்டை மெல்ல அவிழ்த்தான். மழித்த தலையைப் பார்த்தவள், காளையின் கொம்பை இறுகப் பற்றிக்கொண்டாள்.

மாடுகள் குடித்து முடித்தன. கயிற்றைச் சுண்டினால் போதும், வண்டி வீட்டுக்குப் போய்விடும். தம்பிக்கு எதுவும் தெரியப்போவதில்லை.

"நாளைக்குக் காலையில தோட்டத்தைப் பிரிக்கறோம், அம்மிணி" என்ற செங்கோடன், அப்பா யாருக்கும் தராத வண்டியின் முன்பலகையில் சற்று ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தான்.