சிவப்பை மட்டும் தேடுங்க

“சிவப்பு சுவெட்டர். அத மட்டும் தேடுங்க, வேற எதையும் பாக்காதீங்க.” பண்டாரவளை பஸ் நிலையத்து டைம்கீப்பர் மொஹிதீனுக்கு உத்தரவு போட்டார் கலாநிதி ஜெயரூபன்.

மருந்துக்கடைக்குப் போய் மழையோடு திரும்புவதற்குள் அம்மாவைக் காணவில்லை. நாற்பது வருடம் தெமோதரைப் பக்கம் தேயிலைக் கொழுந்தெடுத்தவர். இப்போது மறதி நோய். சில நாள் மகனின் முகமே மறந்துவிடும். ஒரு தூணைக் காட்டி, நகராதீங்க என்று நிறுத்திவிட்டுத்தான் போயிருந்தார்.

“மொகம் எப்புடி சார் இருக்கும்?”

“ஒவ்வொரு மொகமாப் பாத்தா விடிஞ்சிரும். கவனங்கிறது டோர்ச் மாதிரி. ஒரு நெறத்தச் சொல்லிட்டா, கூட்டத்துலருந்து அதுவா துள்ளி வரும். எனக்குக் கலாநிதிப் பட்டம் குடுத்ததே இதுக்குத்தான்.”

“டோர்ச் படாத எடத்துல நின்னா?”

“மனசுக்கு அவங்க இல்லவே இல்ல.”

மொஹிதீன் ஒலிபெருக்கியில் சிவப்பைக் கூவினார். சாரலுக்கு மரக்கறி மூட்டைக்காரர்களும் தோட்டத்துப் பெண்களும் ஆளுக்கொரு உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்து, உடம்பையும் மூடியிருந்தார்கள். சிவப்புக் குடையொன்று துள்ளி வந்தது. பதுளை போகும் சிவப்பு பஸ் துள்ளி வந்தது. அம்மா வரவில்லை.

அரை மணி போனது. கலாநிதியின் குரலில் இருந்த பட்டம் மெல்லக் கழன்றது.

“ஏதாவது பஸ்ஸுல ஏறிட்டாங்களோ. எங்க எறங்கணும்னு அவங்களுக்குத் தெரியாதுங்க.”

கலாநிதி எழுதிய பன்னிரண்டு ஆய்வுக் கட்டுரைகளும்கூட அடுத்து என்ன செய்வதென்று சொல்லவில்லை. சிவப்பு, சிவப்பு என்று முணுமுணுத்தபடி எட்டி எட்டிப் பார்த்தார். சாக்கை மூக்குவரை இழுத்துவிட்டிருந்த ஒருத்தி குறுக்கே நின்று பார்வையை மறைத்தாள்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா.”

சாக்கு அசையவில்லை.

“காது கேக்கலியா? நான் ஒரு ஆளத் தேடிக்கிட்டு இருக்கேன். அந்தப் பக்கம் போங்க.”

சாக்குக்குள்ளிருந்து நடுங்கிய குரல் வந்தது.

“கோவிச்சுக்காதீங்க தம்பி. இந்தத் தூண விட்டு நகரக்கூடாதுன்னு எம் மவன் சொல்லிட்டுப் போயிருக்கான்.”